பேனாட்டின் பலகை

பாரிசில், ரூ பெர்தொனே தெருவில் கஜன் வைத்திருக்கும் சலூனில் மூன்று கதிரைகள்தான். நாலாவது ஆள் வந்தால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். மாசி மாதக் குளிரில் அப்படிக் கதவைத் திறந்து பிடிக்கிற ஆளை உள்ளே இருக்கிற மூன்று பேரும் சேர்ந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க தனியாக ஒரு மனத்தைரியம் வேண்டும். அதனால் தவரத்தினம் மாதத்தின் கடைசி ஞாயிறு கடை திறக்கும்போதே வந்து நடுக்கதிரையைப் பிடித்துவிடுவார். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு லீவு. மற்ற ஆறு நாளும் கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் உணவகத்துக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்பார். ஞாயிறு காலை புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து மனைவி இந்திராதேவியோடு ரயிலேறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வருவார். அவள் முருங்கைக்காயும் மீனும் தேடிக் கடைகளுக்குள் நுழைவாள். இவர் சலூனுக்குள் நுழைவார். தங்கள் கலியாணம் இத்தனை வருடம் நின்று பிடிப்பதற்கு இந்த ஒரு மணித்தியாலப் பிரிவுதான் காரணம் என்று இந்திராதேவி ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று அவர் கதிரையில் இருந்ததும் முதல் வேலையாகத் தன் கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த பவுடர் டப்பாவில் சாய்த்து நிமிர்த்தி வைத்தார். கஜன் அதைப் பார்த்துவிட்டு, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினான். தலைமயிரை வெட்டி முடித்து, கன்னத்துக்கு நுரை போடும்போது, பன்னிரண்டு வருடமாக மாதம் தவறாமல் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"மீசையையும் எடுப்பமோ அண்ணை? எடுத்தால் பத்து வயசு குறையும்."

"அது இருக்கட்டும் தம்பி."

பன்னிரண்டு வருடமாக இதுதான் பதில். கஜனுக்கும் அது தெரியும். கோயிலுக்குப் போனால் மணியை ஒருதரம் அடித்துவிட்டு வருகிறதைப்போல அவன் கேட்பான், இவர் சொல்வார், பிறகு இரண்டு பேரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். மேலுதட்டை முழுதாக மூடி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே இறங்கின மீசை அது. இப்போது பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. கலியாணப் படத்திலும் அது இருக்கிறது, வதிவிட அட்டையிலும் இருக்கிறது. மீசை இல்லாவிட்டால் சந்தையில் வைத்து இவரை வேறு யாரோ என்று விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்பாள் இந்திராதேவி.

தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை. பதினொரு மணிக்கு எடுப்பேன் என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் நிற்கிற லோமேயில் அப்போது பத்து மணி.

மகள் சாம்பவி நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை மூன்று கிழமைக்கு ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு பிரசவ விடுதியில் வேலை பழகுவதற்கு. எந்த நாடு என்று கார்த்திகை மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னாள். "தோகோ. லோமேயில்." தவரத்தினம் சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் குடித்தார். மலேரியாவை நினைத்து மனிதன் பயந்துவிட்டார் என்று இந்திராதேவி நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளே மருந்துக்கடைக்குப் போய், நுளம்புக்குப் பூசுகிற களிம்பு ஐந்து வாங்கிவந்தாள்.

அப்பா ஆபிரிக்காவால், அந்த வழியால் பிரான்சுக்கு வந்தவர் என்பது சாம்பவிக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் அது ஒரு முழு வசனம். ஒருவர் மொஸ்கோவால் வந்திருப்பார், இன்னொருவர் உக்ரேனில் பனிக்குள் நடந்து வந்திருப்பார், வேறொருவர் ஆபிரிக்காவால் வந்திருப்பார். அதற்கு மேல் தோண்டிக் கேட்பது மரியாதையில்லை. கேட்டாலும், "அதை ஏன் பிள்ளை இப்ப, சாப்பிடு" என்றுதான் பதில் வரும். சாம்பவி இரண்டு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை தொலைபேசியில் கதைக்கும்போது அவளே தொடங்கினாள். "ஞாயிறு எங்களுக்கு றெப்போ அப்பா, வேலை இல்லை. வந்த நாளிலை இருந்து இந்த ஒரு நாள்தான் றெப்போ. எல்லாரும் கடற்கரைப் பிளாஜுக்குப் போகினம். உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்துவிட்டது.

"ஒரு இடம் கிடக்குப் பிள்ளை. ஏலுமெண்டால் ஒருக்கால் போய்ப் பார்."

"என்ன இடம்?"

"ஒரு சலூன்."

சாம்பவி சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற தோழி ஆலீஸுக்கு அதைப் பிரெஞ்சில் சொல்ல, அவளும் சிரித்தது இங்கே கேட்டது. தவரத்தினமும் சேர்ந்து சிரித்தார். பிறகு, கானா எல்லையிலிருந்து கடற்கரை வீதியால் எத்தனை தெரு தள்ளித் திரும்ப வேண்டும், எந்தச் சேர்ச்சுக்குப் பின்னால், எந்த மாமரத்துக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓல்னேயில் தன் வீட்டுக்குப் பின்தெருவின் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது. லோமேயின் அந்தத் தெருவிலே எந்த வீட்டு வாசலில் நாய் படுத்திருக்கும் என்பதுகூட நினைவிருந்தது.

அந்தக் கதையைச் சொல்வதென்றால் இருபத்து மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது அவர், அவர் இல்லை. இருபத்து நாலு வயது, அளவெட்டிப் பெடியன், தவம் என்று கூப்பிடுவார்கள். ஆகவே அவன் என்றே சொல்லிவிடலாம்.

லோமேயில் இரண்டு அறை வீடு ஒன்றில் பத்துப் பெடியள். பிரான்சுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று கூட்டி வந்த ஏஜென்சிக்காரர் சுப்ராயன் அவர்களை அங்கேதான் வைத்திருந்தார். திங்கள் முதல் சனி வரை யன்னல் சீலையைக்கூட விலக்கக் கூடாது. பொலீஸ் கண்டால் எல்லாம் பிழையாய்ப்போகும். படுப்பதும் எழும்புவதும் கடதாசிச் சீட்டு விளையாடுவதும்தான் வேலை. ஞாயிறு மட்டும் சுப்ராயன் எல்லை தாண்டி கானாப் பக்கம் போய்விட்டுப் பின்னேரம்தான் வருவார். அன்றைக்குப் பெடியள் இரண்டிரண்டு பேராக வெளியே போய் வரலாம். கிழமை முழுக்கச் சும்மா கிடக்கிறவனுக்கு ஞாயிறு என்ன ஓய்வு நாள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தவத்துக்குச் சோடி மகாலிங்கம். முள்ளியவளைக்காரன். இரண்டு வயது மூப்பு, ஆனாலும் மச்சான் என்றுதான் கதை. மகாலிங்கத்துக்குச் சொத்து என்று இருந்தது அந்த மீசைதான். மேலுதட்டை முழுதாக மூடி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே இறங்கின மீசை. அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சின்னச் சீப்பு வைத்திருந்தான். தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லையும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எவரோடும் ஒரு மணித்தியாலம் கதைப்பான். அப்படித்தான் பேனாட்டைச் சினேகிதம் பிடித்தான்.

பேனாட் அந்த ஊர்க்காரன். மாமரத்துக்குக் கீழே பலகையால் அடித்த ஒரு பெட்டிக்கடை வைத்து முடி வெட்டினான். கடைக்கு வெளியே ஆளுயரத்தில் ஒரு பலகை. அதில் ஆறு தலைகளை அவனே வர்ணத்தால் வரைந்திருந்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான வெட்டு, கீழே இலக்கம். வருகிறவர் இலக்கத்தைக் காட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். அந்தப் பக்கம் போன முதல் ஞாயிறு மகாலிங்கம் அந்தப் பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்களுடைய தலைக்கு இதில் ஒரு இலக்கமும் இல்லையே என்று கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். பேனாட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்து, ஏழாம் இலக்கத்தை வரையத் தொடங்கிவிட்டான். நாலு ஞாயிறு பிடித்தது. மகாலிங்கம் அசையாமல் இருப்பான். தவம் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்து கடலைப் பார்ப்பான். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவன் வேறெங்கும் இருந்ததில்லை. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, இங்கே இப்படி நிம்மதியாக இருப்பது பிழை என்றும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் இருந்தான்.

நாலாவது ஞாயிறுக்கு முதல் நாள், சனி பின்னேரம், தவம் குசினி யன்னலடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். சுப்ராயன் வெளியே நின்று வேறொருவனோடு கதைப்பது கேட்டது.

"புத்தகம் ஒண்டு வந்திட்டுது. புதன்கிழமை பிளைட். படத்திலை இருக்கிறவனுக்குப் பெரிய மீசை, அப்பிடியே மகாலிங்கம்தான். அவனை ஏத்துவம். அவன் சரிவராட்டித் தவம். திங்கள்தான் சொல்லோணும், இப்ப சொன்னால் பெடியள் குழம்புவாங்கள்."

புத்தகம் என்றால் கடவுச்சீட்டு. வேறு எவனோ ஒருவனுடைய சீட்டு. அதிலுள்ள படத்தைப்போல முகம் இருக்கிறவனுக்கு யோகம். தவத்துக்கும் ஒரு மீசை இருந்தது, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளுகிற அளவுக்கு. ஏற்கெனவே இரண்டு தரம் அவனுக்கு வந்த முறை கைநழுவிப் போயிருந்தது. ஒன்பது மாதமாக அந்த அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன். அவன் தட்டைக் கழுவி முடித்து, அதே தட்டை மறுபடியும் கழுவினான்.

அடுத்த நாள் படம் முடிந்தது. பேனாட் தூரிகையைத் துடைத்துக்கொண்டு, இனி மீசை பலகையில் பத்திரமாக இருக்கிறது, முகத்தில் எதற்கு, இந்த வெயிலுக்குச் சும்மா வழித்துவிடவா என்று சைகையால் கேட்டான். மகாலிங்கம் படத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கு அன்றைக்கு நல்ல சந்தோசம். திரும்பித் தவத்தைக் கேட்டான்.

"என்னடா தவம், எடுக்கட்டோ?"

கடற்கரை வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் மறைகிற அளவு நேரம் தவத்துக்குக் கிடைத்தது.

"எடு மச்சான். வடிவாயிருக்கும்."

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. திங்கள் காலை சுப்ராயன் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். மகாலிங்கம் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு நின்றான். "வளருந்தானே அண்ணை, நான் அடுத்தமுறை போறன். தவத்தை அனுப்புங்கோ" என்றான். பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சப்பாத்தையும் தவத்துக்கே கொடுத்தான். அது ஒரு அளவு பெரிது, முன்னால் கடதாசி அடைத்துத்தான் போட வேண்டியிருந்தது. புதன்கிழமை வாசலில் வைத்து ஒரு துண்டைக் கையில் திணித்தான். பேனாட்டின் கடைக்குப் பக்கத்திலே இருந்த தொலைபேசிக் கடையின் இலக்கம்.

"போய்ச் சேர்ந்த உடனை ஒரு கோல் அடி. ஞாயிறு பத்து மணிக்கு நான் அங்கைதான் நிப்பன்."

தவம் பாரிசுக்கு வந்து சேர்ந்து மூன்றாம் நாள் ஞாயிறு. துண்டு பையில் இருந்தது. நம்பரைச் சுற்றினால் என்ன சொல்வது? வந்திட்டன் மச்சான் என்றா? அடுத்த ஞாயிறு அடிப்போம் என்று விட்டான். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது. மழைகாலத்தில் அந்த வீட்டைப் பொலீஸ் சுற்றிவளைத்ததாகவும் சுப்ராயன் ஓடிவிட்டதாகவும் பெடியள் திக்குத் திக்காய்ப் போய்விட்டதாகவும் யாரோ சொன்னார்கள். துண்டு ஒருநாள் உடுப்போடு சேர்ந்து தோய்ந்து கூழாகிவிட்டது. அதற்குள் இலக்கம் மனப்பாடமாகியிருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். அந்த வருடம்தான் மீசையைத் தடிப்பாக வளரவிட்டார். ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, சண்டை முடிந்து இரண்டு மாதத்துக்குள், வவுனியா முகாமிலிருந்து மகாலிங்கத்தின் அக்கா சுலோசனா எப்படியோ இவருடைய இலக்கத்தைத் தேடிப்பிடித்துத் தொலைபேசி எடுத்தாள். "தம்பி, நீங்கள்தானே அவனோடை ஒண்டாய் இருந்தனீங்கள். அவன் எங்கையோ இருக்கிறான், அவன்ரை சாதகம் அப்பிடி. ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோ." தேடிக்கொண்டுதான் இருக்கிறம் அக்கா என்று சொன்னார். வருடத்துக்கு ஒருதரம், பொங்கல் முடிந்த கையோடு அவள் எடுப்பாள். வருடத்துக்கு ஒருதரம் அதையே சொல்வார். உண்மையில் ஒருநாளும் அவர் தேடவில்லை. லாச்சப்பலில் யாராவது ஆபிரிக்காவால் வந்த கதையைத் தொடங்கினால், ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார். ஆனால் மகாலிங்கத்தை நினைக்காத ஞாயிறு இல்லை. காலை பத்து மணியானால் நெஞ்சுக்குள் ஒரு தொலைபேசி அடிப்பதும், யாரும் எடுக்காமல் அது நிற்பதும் அவருக்குப் பழகிவிட்டது. அவனை ஒருதரம் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது பிறகு. முதலில் பார்த்தால் போதும். பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்தால் போதும்.

பதினொன்று ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

திரையில் சாம்பவியின் முகம் வெயிலுக்குச் சுருங்கியிருந்தது. தலையில் பெரிய தொப்பி. பின்னால் ஆலீஸ் தண்ணீர்ப் போத்தலோடு. இரைச்சலோடு இரைச்சலாகக் கடலும் கேட்டது. அல்லது அது கடல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா, என்ன இது முகமெல்லாம்?"

"சலூனிலை இருக்கிறன் பிள்ளை."

"நீங்களும் சலூனிலையோ!" என்று சிரித்தாள். "சேர்ச்சைக் கண்டிட்டம். ஆனால் நீலம் இல்லை, மஞ்சள். மாமரம் இல்லை."

"பின்பக்கம் போ. வலக்கைப் பக்கம் ஒரு தண்ணிக் குழாய் இருக்கோ பார்."

"குழாய் இருக்கு. பக்கத்திலை போன் விக்கிற கடை."

கஜன் சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மற்றக் கன்னத்தில் நுரை. முடியட்டும் என்று அவனும் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தான்.

சாம்பவி வழியில் பலகாரம் பொரிக்கிற ஒரு அம்மாளிடம் பேனாட் என்று கேட்டாள். அம்மாள் கரண்டியால் எதிரே காட்டினாள். பெட்டிக்கடை நின்ற இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட சலூன். வாசலில் உதைபந்தாட்டக்காரர்களின் படம் அச்சடித்த பெரிய பதாகை. வரைந்த தலைகள் ஒன்றும் இல்லை. தவரத்தினம் மூச்சை விட்டார். இல்லாமல் போனது நல்லதுதான் என்று ஒருகணம் இருந்தது. அப்படித் தோன்றியதற்கு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சாம்பவி கதவைத் திறந்து உள்ளே போய்ப் பிரெஞ்சில் விசாரித்தாள். இளம் பெடியன் ஒருவன் முடி வெட்டிக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு கதிரையில், தலை முழுக்க நரைத்த ஒரு மனிதர் மடியில் துவாயை வைத்துக்கொண்டிருந்தார். இவள் சொன்னதைக் கேட்டுத் துவாயை மடித்தார். பிறகு மெதுவாக எழுந்து, வா என்று கையைக் காட்டிவிட்டுக் கடையின் பின்பக்கம் நடந்தார். படம் ஆடியது. சீலை ஒன்று விலகியது. இருட்டு. பிறகு ஆலீஸ் தன்னுடைய தொலைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

பின்சுவரோடு அந்தப் பலகை நின்றது. ஆறு தலைகளும் வெளிறி, எது மூக்கு எது காது என்று தெரியாமல் போய்விட்டன. ஏழாவது மட்டும் புதிதாகத் தீட்டியது போலிருந்தது. வருடா வருடம் கறுப்பின் மேல் கறுப்புப் பூசியதில் மீசை பலகையிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பிக்கூட நின்றது. மேலுதட்டை முழுதாக மூடி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே இறங்கின மீசை.

சாம்பவி மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ கத்திவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, இது நீங்கள்! ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

தலை நரைத்த அந்த மனிதர்தான் பேனாட். பேனாட் குனிந்து தொலைபேசிக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. திரையிலிருந்த நரைத்த மீசையைப் பார்த்தார், திரும்பிப் பலகையைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகச் சிரித்து, படபடவென்று எதையோ சொல்லத் தொடங்கினார். இடையிடையே குரல் உடைந்தது. சாம்பவி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"நீங்கள் ஒருநாள் வருவியள் எண்டு தனக்குத் தெரியுமாம். நீங்கள் லொறியிலை வடக்குப் பக்கம் போகேக்கை, இதை அழிக்காதை எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்களாம். அதாலை ஒவ்வொரு வருசமும் பெயின்ற் அடிக்கிறவராம். பிறகு உங்களைப் பற்றி ஒரு கதையும் இல்லையாம். செத்துப்போனியளோ எண்டுகூட நினைச்சவராம். எல்லாருக்கும் உங்களைத் தெரியுமாம். ஞாயிறு ஞாயிறாய்ப் பக்கத்து ரெலிபோன் கடை வாசலிலை வந்து நிப்பியளாம், மழை வரும் வரைக்கும். மீசை முழுக்க வளர்ந்த பிறகும் வந்தனீங்களாம்." அவள் நிறுத்தி, பேனாட் திரும்பச் சொன்னதைக் கேட்டாள். "அப்பா, ஒண்டு கேக்கிறார். உங்கட சிநேகிதன் கடைசியிலை கோல் எடுத்தவரோ?"

சலூனுக்கு வெளியே ஒரு வான் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. கஜன் கத்தியைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அண்ணையின் கை துணிக்கு அடியில் கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

ஓம் என்று சொல்லிவிடலாம். அது எவ்வளவு சுகமான பொய். எடுத்தவன், நல்லாயிருக்கிறம், இரண்டு பேரும் பாரிசிலைதான் என்று சொன்னால், ஒரு கண் தெரியாத அந்த மனிதர் மிச்சக் காலத்துக்குச் சந்தோசமாக இருப்பார். மகளுக்கும் பெருமை. பலகையில் படம் வரையும் அளவுக்கு அப்பா ஒரு ஆளாக இருந்திருக்கிறார். இருபத்து மூன்று வருடமாக அந்த மீசையைச் சுமந்ததற்கு இன்றைக்குத்தான் கூலி கிடைக்கப்போகிறது. மகாலிங்கம் உயிரோடு லாச்சப்பலில் நடமாடுவான். ஒரேயொரு சொல்தான். அன்றைக்கும் ஒரேயொரு சொல்தான்.

"பிள்ளை," என்றார். "அது நானில்லை."

"என்னப்பா?"

"அது நானில்லை. அவன்ரை பேர் மகாலிங்கம். நான் பக்கத்திலை இருந்தனான்."

"அப்ப கோல்?"

"எடுக்கேல்லை பிள்ளை. நான் எடுக்கேல்லை. அவனை மீசை எடுக்கச் சொன்னதும் நான்தான். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். அதை அவருக்கு அப்பிடியே சொல்லு."

சாம்பவிக்குப் பாதிதான் விளங்கியது. முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. திரும்பி, மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிப் பேனாட்டுக்குச் சொன்னாள். அதைக் கேட்டு முடித்துவிட்டு அந்த மனிதர் திரும்பவும் தொலைபேசிக்குக் கிட்ட வந்தார். வெள்ளை படராத கண்ணைத் திரையில் ஒட்டுகிறாற்போல் வைத்து, இவருடைய முகத்தை, அந்த மீசையைப் பார்த்தார். தலையை இல்லை என்று ஆட்டினார். ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"நம்பமாட்டன் எண்டு சொல்லுறார் அப்பா. அது நீங்கள் இல்லையெண்டால், அப்ப நீங்கள் ஆர் எண்டு கேக்கிறார்."

சலூன் கதவு திறந்தது. குளிரோடு இந்திராதேவி நின்றாள், இரண்டு கையிலும் பை, ஒன்றிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்துங்கோ என்று கஜன் சொல்லவில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு பிள்ளை," என்றார் தவரத்தினம். "போனை வைச்சிராதை. அவரை அப்பிடியே பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லு." பிறகு கண்ணாடிக்குள் கஜனைப் பார்த்தார்.

"எடு தம்பி."

"என்னண்ணை?"

"மீசையை எடு."

கஜன் வாசலில் நின்ற இந்திராதேவியைப் பார்த்தான். அவள் பைகளைத் தரையில் வைத்தாள். அவன் தூரிகையை நுரையில் தோய்த்து, மேலுதட்டில் இடமிருந்து வலமாக ஒருதரம் இழுத்தான். தவரத்தினம் அசையாமல் இருந்தார், நாலு ஞாயிறு ஒருவன் அசையாமல் இருந்ததைப்போல. பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்த திரை முழுவதும் இப்போது பலகையிலிருந்த முகம்தான், கறுத்து மினுங்குகிற மீசையோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் பேனாட்டின் பாதி முகம். கீழே மூலையில் பெருவிரல் அளவுச் சின்னக் கட்டத்துக்குள், நுரைக்கு நடுவில், கத்தி போன வழியே ஒரு மேலுதடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.